விலை சொல்லாத கை

“வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக்கிட்டீர். இப்போ வாயைத் திறக்க மாட்டேங்கிறீர். இது என்ன நியாயம்? உம்மை மாதிரி பேச்சு மாறுற ஆளை நான் எந்தச் சந்தையிலயும் பார்த்ததில்லை.”

கோயிலுக்குள் வேறு யாரும் இல்லை. வெயில் உச்சியில் இருந்தது. சன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனா மட்டும் பயந்து பறந்து போனது.

கத்தியவர் மாசிலாமணி. மாட்டுத் தரகர். சந்தை கலைந்ததும் நேராக வந்திருந்தார். வேட்டி ஓரத்தில் சாணி காய்ந்து கிடந்தது. சிலுவை வைத்த பீடத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார், ஏமாற்றிய வியாபாரியின் வீட்டு வாசலில் நிற்பது போல.

பக்கத்து அறையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த உபதேசியார் எட்டிப் பார்த்தார். பெயர் ஏசுவடியான். சபைக் குருவான ஐயர் மாதக் கடைசி ஞாயிறு மட்டும் ராப்போஜனம் என்ற திருவிருந்து கொடுக்க டவுனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் அந்தச் சபைக்கு உபதேசியார்தான். மாசிலாமணியின் மூத்த மகள் வயதுகூட இருக்காது அவருக்கு. இருந்தாலும் மாசிலாமணி சாமி காரியம் எதுவானாலும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சந்தையில் கேலி செய்வார்கள். “மகன் வயசு ஆளுக்குப் போய் மாணாக்கனா உட்கார்ந்திருக்கான் பாரு.” அப்படிச் சொன்ன ஒருவன் கன்னத்தில் மாசிலாமணியின் விரல்கள் பதிந்தன. அதற்குப் பிறகு தூரத்தில் நின்று கேலி செய்தார்கள்.

“யார்கூடச் சண்டை, அண்ணாச்சி?” என்றார் உபதேசியார்.

“உங்க முதலாளிகூடத்தான்.”

“என்ன சொல்றார்?”

“அவர் என்னத்தச் சொல்ல? ஊமை மாதிரி இருக்கார்.”

சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றது. வீட்டில் நேசம் இருந்தாள்.

நேசம் அவர் மனைவி. தை மாதம் ஒருநாள் கிணற்றடியில் விழுந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது காலுக்கு நடை வந்திருந்தது. கையும் மெல்ல மெல்லத் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. முன்பெல்லாம் மாசிலாமணி தெருமுனை திரும்பும்போதே அவள் வசவு வந்து எதிர்கொள்ளும். ஏன் லேட்டு, எவன்கூட அடிதடி, கால் கழுவாமல் உள்ளே வராதே. இப்போது வீடு சத்தமில்லாமல் கிடந்தது. மாசிலாமணிக்கு அந்த வசவு திரும்ப வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சும்மா கேட்கவில்லை. விலை சொல்லித்தான் கேட்டார். முதலில் பீடியை விட்டார். பதில் இல்லை. பிறகு சாராயத்தை விட்டார். அதற்கும் இல்லை. கடைசியில் சந்தையில் பொய்ச் சத்தியம் செய்வதை விட்டார்.

“பாதித் தொழில் போச்சு, ஐயா. கிழட்டு மாட்டைக் கிழட்டு மாடுன்னு சொன்னா எவன் வாங்குவான்? கிடாரிக்குச் சுழி சரியில்லைன்னு நானே வாங்க வந்தவன்கிட்டச் சொல்லுதேன். விக்க வந்தவன் என்னை அடிக்க வாரான். இதுக்கு மேல ஏத்திக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?”

“அவர் கேட்டாரா?”

“எதை?”

“பீடியை.”

“கேக்காமலே குடுத்தா இன்னும் நல்லதுதான?”

உபதேசியார் சிரித்துவிட்டார். மாசிலாமணிக்குச் சுள்ளென்று ஏறியது.

“சிரிக்காதீங்க. ஐயர் வந்ததும் சொல்லிருங்க. சபையிலருந்து என் பேரை எடுத்திரட்டும். இனி எனக்கும் உங்க முதலாளிக்கும் ஒண்ணும் கிடையாது.”

“மதினி பேரையுமா?”

“அவ பேரை எதுக்கு எடுக்க? அவ நம்புதா. கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைச்சு அசைச்சு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா. என் பேரை மட்டும் எடுங்க.”

“ஐயர் மாசக் கடைசியிலதான் வருவார்.”

“வரட்டும். அதுவரைக்கும் இருக்கும் இந்தக் கோபம். ஆறிப் போற கோபம் இல்லை.”

சொல்லிவிட்டு வாசல் வரை போனார். செருப்பைக் காலில் மாட்டினார். மறுபடியும் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், ஐயா. அவர்கிட்டப் போனா தினமும் ஆறுதல் கிடைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் தினமும்தான் வாரேன். எங்க இருக்கு அந்த ஆறுதல்?”

உபதேசியார் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தினமும் வந்து என்ன செய்வீங்க?”

“முட்டி போடுவேன். அவளுக்குப் பேச்சைக் குடும், நான் இன்னதைக் குடுக்கேன்னு சொல்லுவேன். பதில் வருதான்னு பார்ப்பேன். வராது. எந்திரிச்சிருவேன்.”

“எவ்வளவு நேரம் பார்ப்பீங்க?”

“விலை படியாத இடத்துல எவ்வளவு நேரம் நிக்க முடியும்? அடுத்த ஆளைப் பார்க்க வேண்டாமா?”

“அடுத்த ஆள் யாரு?”

 அதைத்தான் மாசிலாமணியும் யோசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தார்.

“அது கிடக்கட்டும்” என்றார் உபதேசியார். “சந்தையில துண்டு போட்டு விலை பேசுவீங்களே, அது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க.”

“உங்களுக்கு எதுக்கு அது? மாடு வாங்கப் போறீங்களா?”

“தெரிஞ்சுக்கலாமேன்னுதான்.”

எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் தொழிலைப் பற்றிக் கேட்டால் மாசிலாமணியால் சும்மா இருக்க முடியாது. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறினார்.

“கையைக் குடுங்க. இந்தா, இப்படி. மேல துண்டு. உள்ள நடக்குறது வெளிய நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு. முழுக் கையையும் பிடிச்சா அஞ்சு. நூறா ஆயிரமாங்கிறது மாட்டைப் பார்த்தாலே தெரியும். நான் ஒரு விலை பிடிப்பேன். நீங்க ஒரு விலை பிடிப்பீங்க. மூஞ்சியில ஒண்ணும் காட்டக் கூடாது. வாய் வேற எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும், மழை பெய்யுமா, மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சாச்சான்னு. பேச்செல்லாம் உள்ளதான்.”

“படியலைன்னா?”

“கையை உருவிக்குவோம். கையை உருவியாச்சுன்னா பேச்சு முடிஞ்சு போச்சு. கை உள்ள இருக்கிற வரைக்கும் எதுவும் முடியலை.”

“சரி. இப்போ நாம பேசுவோம்” என்றார் உபதேசியார்.

துண்டுக்கு அடியில் அவர் மாசிலாமணியின் கையைப் பிடித்தார். முழுக் கையையும்.

“அஞ்சா?” என்றார் மாசிலாமணி. “எதுக்கு அஞ்சு? என்ன மாடு?”

உபதேசியார் பிடித்தபடியே இருந்தார்.

“ஐயா, இப்படிப் பிடிச்சா அஞ்சுன்னு அர்த்தம்.”

பதில் இல்லை. மாசிலாமணி தன் விரல்களால் அந்தக் கையைத் துழாவினார். எந்த விரல் அழுத்துகிறது, எந்த விரல் விலகுகிறது என்று பார்த்தார். தொழில் தெரிந்த விரல்கள் அவை. ஓரிடத்தில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தால்கூட எதிராளியின் அடிமட்ட விலை என்ன என்று சொல்லிவிடும். இந்தக் கையில் ஒன்றும் அகப்படவில்லை. இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“உங்களுக்குப் பேரம் பேசவே வரலை” என்றார்.

உபதேசியார் தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை.

கோயில்பிள்ளை பர்னபாஸ் இவ்வளவு நேரம் சன்னலோரம் நின்று பேச்சைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். கோயிலைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவர் வேலை. ஊர்ச் செய்தியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவது அவராக எடுத்துக்கொண்ட வேலை. இருவரையும் துண்டையும் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்தார்.

“என்ன அண்ணாச்சி, உபதேசியாரையே விலை பேசியாச்சா? என்ன விலைக்குப் போறார்?”

“பல்லைப் பிடிச்சுப் பார்த்தேன். உழவுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. போவே அங்கிட்டு.”

பர்னபாஸ் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார். சொல்லுவதற்கு ஆள் தேடித்தான் போயிருப்பார்.

மாசிலாமணி காத்திருந்தார். இப்போது விரல் அசையும், இப்போது விலை வரும் என்று பார்த்தார். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் துழாவுவதை விட்டுவிட்டன. வெளியே எங்கோ ஓர் ஆடு கத்தியது. வேப்பமரத்துக் காற்று உள்ளே வந்து துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

எத்தனையோ கைகளைப் பிடித்தவர் அவர். கடினமான கை, வெற்றிலைக் கறை படிந்த கை, நடுங்குகிற கை, திருட்டுக் கை. எதையும் சும்மா பிடித்ததில்லை. நேசம் விழுந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்தார்கள். அது சரிதான். மாசிலாமணி வாசலில் நின்று, வந்தவர்களுக்குக் காப்பித் தண்ணி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நினைப்பு அங்கே போய் நின்றது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“போதும், ஐயா. மாடு அவுக்கணும்.”

கையை உருவிக்கொண்டு எழுந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். உபதேசியாரின் கை நீட்டியபடியே இருந்தது. மேலே துண்டு இல்லை, உள்ளே கை இல்லை. அப்படியே இருந்தது.

“எந்திரிச்சது யாரு, அண்ணாச்சி?” என்றார் உபதேசியார்.

மாசிலாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் கோயிலுக்குப் போகவில்லை. போவதாகவும் இல்லை. ஒருமுறை சொன்னது சொன்னதுதான். தொழுவில் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு, அங்கேயே கவிழ்த்துக் கிடந்த கூடை மேல் உட்கார்ந்தார்.

“விலை எதுவும் சொல்லலை” என்றார் உபதேசியாரின் முதலாளியிடம். “சும்மா இருக்கேன். நீரும் இரும்.”

சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. எதிரே நின்ற பசுவின் பல்லை எண்ண மனம் ஓடியது. சந்தையில் போன வாரம் ஏமாற்றிப் போனவனை மனசுக்குள் நிறுத்தி வைத்துத் திட்ட ஆரம்பித்தார். பாதித் திட்டில் நினைவு வந்து நிறுத்தினார். எழுந்து போகலாம் என்று பார்த்தார். எழுந்தது யார் என்று உபதேசியார் கேட்பாரே என்று திரும்ப உட்கார்ந்தார்.

எப்போது என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த சந்தை கலைந்துபோனது. மாடு வைக்கோல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

முதுகில் சுளீரென்று ஒரு கரண்டி வந்து விழுந்தது.

“ஏளா!”

நேசம் நின்றுகொண்டிருந்தாள். கஞ்சி ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கிண்ணத்தைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள், அவர் காதில் விழவில்லை. கையை விரித்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

“சும்மா இருக்கேன்.”

அவள் புருவம் மேலே போனது. நீயா என்று கேட்டது அது.

“நான்தான். ஏன், எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதா?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வைக்கோல் கட்டின்மேல் அவளும் உட்கார்ந்தாள். கஞ்சி இன்னும் கொஞ்சம் ஆறியது.

அந்த வாரம் சந்தையில் மாசிலாமணிக்கும் இன்னொரு தரகருக்கும் வாய்ச்சண்டை வந்தது. கைச்சண்டையாக மாறும் நேரம். மாசிலாமணி ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, “போவே, இன்னைக்கு விட்டுட்டேன். காலையில நல்ல ஆள்கூட இருந்துட்டு வந்திருக்கேன்” என்றார். அந்தத் தரகர் பயந்துபோய் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து மாசிலாமணி உபதேசியார் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். உபதேசியார் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர், இன்னும் திரும்பவில்லை.

“ஐயா, வந்துச்சு.”

“எது?”

“நீங்க சொன்னது. ஆறுதல். தொழுவுலயே வந்துச்சு.”

“நல்லது.”

“என்ன நல்லது? மறுநாள் காலையில பார்க்கேன், இல்லை. துப்புரவாப் போயிருச்சு. மனசு பழையபடி கரடுமுரடா இருக்கு.”

“என்ன செய்தீங்க?”

“திரும்பப் போய் உட்கார்ந்தேன்.”

“பிறகு?”

“திரும்ப வந்துச்சு. அதுக்கு மறுநாள் திரும்பப் போயிருச்சு. என்ன ஐயா இது, தினமும் முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு? ஒரே மூச்சா உட்கார்ந்து வாரத்துக்கும் சேர்த்து வாங்கி வச்சுக்கிட வழி இல்லையா? நான் தொழிலுக்குப் போகணும்லா?”

உபதேசியார் ஈரச் சட்டையைப் பிழிந்தார்.

“உங்க மாட்டுக்கு ஒரே நாள்ல ஒரு வாரத்துத் தண்ணியைக் காட்டுவீங்களா, அண்ணாச்சி?”

“காட்டுவோமே.”

உபதேசியார் பிழிவதை நிறுத்தினார். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

“சந்தைக்கு ஓட்டிட்டுப் போற அன்னைக்கு உப்பும் தவிடும் கலந்து வச்சு, வயிறு முட்டத் தண்ணி காட்டுவான். மாடு பார்வைக்குக் கொழுகொழுன்னு நிக்கும். நானே எத்தனை மாடு அப்படிக் கைமாத்தி விட்டிருக்கேன். வாங்கிட்டுப் போனவன் மறுநாள் தொழுவுல பார்த்தா விலா எலும்பு தெரியும்.”

“அப்படியா?”

“அப்படித்தான். கண்ணை ஏமாத்தலாம். மாட்டை ஏமாத்த முடியாது.”

“இப்போ தெரியுது” என்றார் உபதேசியார். “ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல எல்லாரும் ஏன் அவ்வளவு கொழுகொழுன்னு இருக்காங்கன்னு.”

மாசிலாமணி ஒரு நொடி விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவும் அளவுக்குச் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் கேட்டார்.

“நீங்க கேட்டதுக்கு எல்லாம் பதில் வந்திருக்கா, ஐயா?”

“சிலதுக்கு வந்திருக்கு.”

“வராததுக்கு?”

“இன்னும் உட்கார்ந்திருக்கேன்.”

உபதேசியார் கடைசித் துணியைக் கொடியில் போட்டார். அவருடைய வேட்டி, சட்டை, டீச்சரம்மாவின் சேலை. அந்தக் கொடியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்து மாசிலாமணி பார்த்ததில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை. ஒரு நுனியைப் பிடித்துச் சேலையை விரித்துவிட்டுக் கிளம்பினார்.

“ஐயர் இந்த ஞாயிறு வர்றார்” என்றார் உபதேசியார்.

“தெரியும்.”

“நீங்க சொன்னதைச் சொல்லவா?”

“நான் வந்து சொல்லிக்கிடுதேன்.”

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. ராப்போஜன ஞாயிறு என்பதால் வழக்கமாகவே கூட்டம் இருக்கும். இந்த முறை பர்னபாஸின் புண்ணியத்தில் இன்னும் கூடுதல். மாசிலாமணி பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார், ஐயரோடு என்ன பேசப்போகிறார் என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நேசம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் செய்தி எட்டியிருந்தது. வரும் வழியெல்லாம் மாசிலாமணி அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டே வந்தார்.

பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று விரும்பியவர்கள் எழுந்து சொல்லலாம். ஒருவர் எழுந்து மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஸ்தோத்திரம் என்றார்கள். ஓர் அம்மா மூட்டுவலி போனதைச் சொன்னாள். அதற்கும் ஸ்தோத்திரம். எல்லாம் முடிந்த காரியங்கள். முடியாத காரியத்தோடு அந்த நேரத்தில் யாரும் எழுந்து நின்றதில்லை.

“வேற யாராவது?” என்றார் ஐயர்.

மாசிலாமணி எழுந்தார். கூட்டம் மொத்தமும் திரும்பியது. உபதேசியார் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“என் சாட்சி கேக்க நல்லா இருக்காது” என்றார் மாசிலாமணி. “முதல்லயே சொல்லிருதேன்.”

யாரோ சிரித்தார்கள்.

“நேசத்துக்குப் பேச்சு வரலை. நான் கேக்காத நாள் இல்லை. பீடியைக் குடுத்தேன், சாராயத்தைக் குடுத்தேன். என்னத்தையெல்லாமோ குடுத்துப் பார்த்தேன். வரலை.”

“பிறகு எதுக்குவே எந்திரிச்சீரு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“இரும்வே. நான் பேசி முடிக்கலை.” மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். “காலையில முழிச்சதும் நெஞ்சு மேல ஒரு கல்லு இருக்கு. தொழுவுல போய் உட்காருதேன். கொஞ்ச நேரம் ஆகுது. கல்லு போகலை. பொய் சொல்லப்பிடாது, பொய் சொல்லுதை விட்டுட்டேன். கல்லு இருக்கு. ஆனா தூக்குறது நான் ஒருத்தன் இல்லைன்னு தெரியுது. அன்னைக்குப் பொழுதுக்கு அது போதுது. சந்தைக்குப் போறேன், வாரேன், சோறு இறங்குது, தூக்கம் வருது. மறுநாள் திரும்பக் கல்லு. திரும்பப் போறேன். அவ்வளவுதான் என் சாட்சி.”

ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. எங்கோ ஒரு கிழவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“நல்லது, அண்ணாச்சி” என்றார் ஐயர். வயதானவர், அமைதியானவர். “பேரை எடுக்கணும்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன். அது பற்றி ஆராதனைக்குப் பிறகு பேசுவோமா? இப்போ உட்காருங்க.”

“அது இருக்கட்டும், ஐயா. உங்ககிட்டச் சொல்ல வேண்டியது முடிஞ்சிருச்சு. அவர்கிட்டச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு.”

மாசிலாமணி பீடத்தின் பக்கம் திரும்பினார். இடுப்பில் கைவைத்தார். குரல் ஏறியது.

“கேட்டுக்கிட்டுத்தான இருக்கீர்?”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் பதறிப்போய் உபதேசியார் பக்கம் குனிந்தார்.

“என்ன இது? கர்த்தர்கிட்ட இப்படியா பேசுவாங்க? உட்காரச் சொல்லுங்க.”

“வீட்டுக்குள்ள பேசுற பேச்சு, ஐயா” என்றார் உபதேசியார். “நாம குறுக்க போக வேண்டாம்.”

ஐயர் நிமிர்ந்து மாசிலாமணியைப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் எங்கயும் போகலை” என்றார் மாசிலாமணி பீடத்தைப் பார்த்து. “பேரை எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, நாளைக்குக் காலையில தொழுவுல இருப்பேன். பீடியை விட்டது விட்டதுதான். அதைத் திருப்பிக் கேக்கலை. அதைக் காட்டி எதையும் கேக்கலை. இப்போ வெறுங்கையோட நிக்கேன். நீர் என்கூட இருக்கீர், சரி. அது எனக்குப் போதும். அவளுக்கு?”

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. தூணில் சாய்ந்திருந்த நேசம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டாள். அவள் அழவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும், சத்தமே இல்லாமல்.

மாசிலாமணி திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகமும் இளகியது. ஆனால் கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

“அந்தா பாரும், சிரிக்குதா. சிரிப்பு குடுத்துட்டா விட்டுருவேன்னு நினைச்சீரா? என்னைத் திட்ட வேண்டிய வாய் அது. இழுத்தடிச்சது போதும். அவ பேச்சை அவகிட்டக் குடும்.”